மணலில் நின்ற ஜாக்கி

என் அக்காவின் கணவருக்கு எங்கள் தெருவில் ‘ஜாக்கி’ என்று பெயர். கடைக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார். தபால்காரர்கூட வாசலில் நின்று “ஜாக்கி சார்” என்பார். நான் மட்டும் அத்தான் என்பேன்.

அவருக்கு வேலை, மலை மேல் இருக்கும் செல்போன் டவர்களுக்கு டீசல் கொண்டுபோவது. மின்சாரம் போனால் டவர் ஓட ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும், டீசல் மேலே போக அத்தானுடைய பழைய ஜீப் வேண்டும். அவர் போகும் வழிகளைப் பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். பாறை, சேறு, மணல், எப்போதோ ஓடிய ஓடையின் தடம், அவ்வளவுதான். அந்த வழியில் போகிற வண்டிகள் சிக்கிக்கொள்வதும், சிக்கியவர்கள் அத்தானுக்குப் போன் போடுவதும் வாடிக்கை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. மற்றவர்கள் குடும்பப் படம் மாட்டுகிற மாதிரி அதன் சுவரில் வண்டி தூக்கும் ஜாக்கிகளை மாட்டி வைத்திருந்தார். குட்டையானது, நெட்டையானது, எண்ணெய் கசிவது, கசியாதது. நான் மருந்துக் கடையில் வேலை முடிந்து வரும்போது அங்கே எட்டிப் பார்ப்பேன். எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். வண்டியைத் தூக்குவதைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஆள் வேறாகிவிடுவார். வண்டிக்குள் ஒருத்தரும் இருக்கக் கூடாது. தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கிக்குக் கீழே அகலமான பலகை வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போகும். தூக்கின வண்டிக்கடியில் கை, கால், தலை எதுவும் போகக் கூடாது. “ஜாக்கி தூக்கும், அவ்வளவுதான். பிடிச்சிக்கிட்டு நிக்கிறது அதோட வேலை இல்ல” என்பார். இதை அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு மனப்பாடம். கேலி செய்வதற்காக அவரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிக் காட்டுவாள்.

அக்கா கேலி செய்வதை நிறுத்தியது, அவர்களுடைய மகளுக்குப் பள்ளியில் பரிசு கொடுத்த அன்று. மேடையில் பெற்றோரும் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அத்தான் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தார். கிளம்புகிற நேரத்தில் போன். யாருடைய லாரியோ சேற்றில் புதைந்துவிட்டது. “போயிட்டு நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்துடறேன்” என்று போனவர், முழங்கால் வரை சேறோடு, காவலாளி பள்ளிக்கூடத்தின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் வந்து சேர்ந்தார். அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் மகள் வழியாகத்தான் நடந்தது. “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.” “சிலிண்டர் தீர்ந்துபோச்சான்னு அம்மாகிட்ட கேளு.” இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள், நடுவில் அந்தப் பெண் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு நிற்பாள். கடைசியில் அவள் கல்லூரிக்குப் போய் விடுதியில் சேர்ந்த பிறகு, நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லாமல், அக்கா சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். “குழம்பு சூடா இருக்கு” என்று சுவரிடம் சொல்வாள். அத்தானும் சுவரிடமே “ம்” என்பார். நான் இருந்தால் சிரிப்பை அடக்க வெளியே போய்விடுவேன்.

முதல் பருவ விடுமுறைக்கு மகளை அழைத்து வர இருவரும் கிளம்பினார்கள். பெட்டி படுக்கை எல்லாம் வர வேண்டும் என்பதால் அத்தான் முந்தின நாளே ஜீப்பின் பின்பக்கத்தைக் காலி செய்தார். டீசல் கேன்கள், சங்கிலி, சக்கரத்துக்குக் கொடுக்கும் மரக்கட்டைகள், ஜாக்கிக்கடியில் வைக்கும் தடித்த பலகை எல்லாம் கொட்டகைக்குப் போயின. ஒரு மண்வெட்டியும், குட்டையான பாட்டில் ஜாக்கியும், ஸ்டெப்னி சக்கரமும் மட்டும் வண்டியில் இருந்தன. முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு பழுதாகி, அதையும் கழற்றி வைத்திருந்தார். தார் ரோட்டில்தானே போகப்போகிறோம் என்று நினைத்திருக்கிறார்.

பாதி வழியில் பாலம் வேலை நடக்கிறது என்று தடுப்பு வைத்திருந்தார்கள். சுற்றிப் போனால் மத்தியானம் தாண்டிவிடும். மகள் விடுதி வாசலில் பெட்டியோடு நிற்பாள். அத்தானுக்கு ஆற்றுக்குள் இறங்கி ஏறும் ஒரு தடம் தெரியும். தண்ணீர் இல்லாத காலத்தில் டிராக்டர்கள் போகும் வழி. வண்டியைத் திருப்பினார். “சுத்திப் போனாலே நல்லது” என்று அக்கா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாளாம். அத்தான் கண்ணாடிக்குப் பதில் சொல்லவில்லை.

ஆற்றைக் கடந்துவிட்டார்கள். அக்கரையில் ஏறத் தொடங்கிய இடத்தில்தான் இடது பின்சக்கரம் பொதுக்கென்று இறங்கியது. மேலே காய்ந்த மணல், கீழே ஊற்றுத் தண்ணீர் ஊறிக் கிடந்த குழி. அத்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் சக்கரம் சுற்றிச் சுற்றி இன்னும் கீழே போனது. வண்டியின் மூக்கு கரையைப் பார்த்து மேலே, பின்பக்கம் ஆற்றைப் பார்த்துக் கீழே.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சக்கரத்தைத் தூக்கிக் குழியில் கல் நிரப்பி, மெதுவாக இறக்கி, வண்டியை எடுக்க வேண்டும். அவர் எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்த வேலை. கட்டைகள் இல்லாததால் முன்சக்கரம் ஒன்றுக்குப் பின்னால் ஓர் உருண்டைக் கல்லை உருட்டி வைத்தார். பலகைக்குப் பதிலாக ஒரு தட்டைக் கல்லைப் போட்டு, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தி, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸிலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தார், கியரிலும் விட்டிருந்தார். ஆனால் அந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களை நேரடியாகப் பிடிக்காது. பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரத்தில் ஒன்று தரையை விட்டு எழும்பிவிட்டால் அது அந்தரத்தில் சுற்றும், மற்றது உருளும், பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். கியரும் அப்படியே. அதுவும் அவருக்குத் தெரியும்.

அக்கா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கு என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். பேசாமல் இருந்த அத்தனை நாளும் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். “நான் முதல்ல பேசினதா ஆயிடுமேன்னு நினைச்சேன்” என்று பிறகு என்னிடம் சொன்னார். அக்கா என்ன நினைத்தாள் என்றால், இறங்கச் சொன்னால் இறங்கலாம், அவரே சொல்லட்டும் என்று. வெயில் ஏறியது. ஜீப்பின் தகரக் கூரைக்கடியில் அவளுக்கு மூச்சு முட்டியது. பின்னால் அத்தான் ஒருக்களித்துப் படுத்து, எழும்பிய சக்கரத்துக்கடியில் இடது கையை விட்டு ஒரு கல்லை ஒழுங்காகப் படிய வைத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்து காலை வெளியே வைத்துக் குதித்தாள்.

வண்டி லேசாக ஆடியது. உருண்டைக் கல் மணலில் புதைந்து வழிவிட்டது. ஜீப் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து விழுந்தது. சக்கரம் இறங்கியது.

அவர் அலறினார் என்கிறாள் அக்கா. நான் அலறவே இல்லை என்கிறார் அத்தான். ஆனால் அவர் முதலில் சொன்ன வார்த்தையில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

“அசையாத.”

அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் அவர் பேசியது அதுதான்.

அக்கா அப்படியே நின்றாள். பிறகு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். அவருடைய இடது கை மணிக்கட்டுக்கு மேல் வரை டயருக்கும் கல்லுக்கும் நடுவில் போயிருந்தது. கன்னம் மணலில் படிந்திருந்தது. வண்டியின் பக்கத்தைத் தோளால் தாங்கித் தள்ளப் போனாள்.

“தள்ளாத. தொடாத. முதல்ல கல்லு கொண்டுவா. பெருசா. தட்டையா. மத்த மூணு சக்கரத்துக்கும் பின்னாடி வை. பின்னாடி போய் நிக்காத, பக்கத்துல இருந்து வை.”

அவள் ஓடி ஓடிக் கல் பொறுக்கினாள். அவளால் தூக்க முடிந்த கல் எல்லாம் சின்னதாக இருந்தது. பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். விரல் நகம் பிய்ந்தது அவளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு “சரியா?” என்று கேட்பாள். அவருக்கு அங்கிருந்து எதுவும் தெரியாது. ஆனாலும் “சரி” என்பார்.

போனை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து மலையெல்லாம் டவர்கள், அத்தனைக்கும் டீசல் சுமந்தவர் அவர். ஆற்றுக்குள் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அக்கா கரை மேலே ஏறிப் போனை உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. தூரத்தில் ஒரு லாரி போனது. துப்பட்டாவை வீசி வீசிக் கத்தினாள். லாரி போய்க்கொண்டே இருந்தது. திரும்பி இறங்கி வந்தபோது, ஆற்றில் இருந்த அத்தனை மணலுக்கும் நடுவில் ஜீப் ஒரு பொம்மை போலத் தெரிந்தது என்றாள். அதனடியில் அவர் இருப்பது தெரியவே இல்லை.

“வண்டியை ஸ்டார்ட் பண்ணி முன்னாடி எடுத்துடட்டுமா? எனக்கு ஓட்டத் தெரியாதுதான், நீங்க சொல்லுங்க.”

“சக்கரம் சுத்துச்சுன்னா கையை மாவாக்கிடும். வேணாம்.”

“அப்ப என்னதான் செய்யறது?”

அவர் கையைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். பிறகு, “தெரியல” என்றார்.

அக்கா என்னிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்துவாள். கை மாட்டியதைப் பார்த்தபோதுகூட அவளுக்கு அவ்வளவு பயம் வரவில்லையாம். வண்டி விஷயத்தில் அந்த மனிதர் தெரியல என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தின் மேல் வெயில் படாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அப்போதுதான் ஐஸ்காரர் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி ஊர் ஊராக விற்பவர். பாலம் அடைத்ததால் அவரும் ஆற்று வழியாக வந்திருந்தார். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. இறங்கியதும் இறங்காததுமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “ஒரு தம் பிடிச்சா தூக்கிடலாம், நீங்க கையை மட்டும் இழுங்க” என்று ஜீப்பின் பின்னால் போய்க் குனிந்தார்.

“பின்னாடி நிக்காதீங்க. உருண்டா உங்க மேலதான் வரும்” என்றார் அத்தான், மணலில் வாயை வைத்துக்கொண்டே.

“இல்ல சார், நான் மூட்டை தூக்கின ஆளு.”

“கிட்ட வராதீங்கன்னு சொல்றார் இல்ல” என்று அக்கா கத்தினாள். ஐஸ்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விலகினார். டிராக்டரும் ஆளும் கூட்டி வருகிறேன் என்றார். கனம் குறைந்தால் சீக்கிரம் போகலாம் என்று ஐஸ் பெட்டியை அவிழ்த்து அக்கா பக்கத்தில் வைத்தார். போகும்போது, “தாகமா இருந்தா எடுத்துக்கோங்க, யோசிக்காதீங்க” என்றார். மணலில் வண்டி வழுக்கி வழுக்கிப் போனது.

காத்திருக்கலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் குழிக்குள் ஊற்று ஊறிக்கொண்டிருந்தது. மணல் கரைந்து கரைந்து, ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக அமர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. அத்தானுக்குக் கையில் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடிப்பார். பிறகு பல்லைக் கடிப்பதும் நின்றது. “வலிக்கலையே இப்ப” என்றார். அக்காவுக்கு அது நல்ல செய்தி இல்லை என்று புரிந்தது.

“ஜாக்கி எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“உனக்கு முடியாது.”

“எங்க இருக்குன்னுதான் கேட்டேன்.”

ஜாக்கி வண்டிக்கு அடியில் விழுந்து கிடந்தது. உள்ளே போகாதே, மண்வெட்டியால் இழு என்றார். இழுத்து எடுத்தாள். அதன் தண்டு நீண்டபடியே நின்றிருந்தது. அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் தளர்த்தி, தண்டை உள்ளே அழுத்தி, மறுபடி இறுக்கு என்றார். கை வழுக்கியது. புடவைத் தலைப்பாக இருந்தால் பிடித்திருக்கலாம், துப்பட்டாவில் பிடிக்கவில்லை என்று சொல்லி இப்போதும் அங்கலாய்ப்பாள். சுடிதாரின் நுனியால் பிடித்துத் திருகினாள்.

“எங்க வைக்கட்டும்? பாடிக்கு அடியில இடம் இருக்கு.”

“பாடியில கொடுத்தா ஸ்பிரிங்தான் நீளும். சக்கரம் அப்படியே உக்காந்திருக்கும். ஆக்ஸில்ல கொடுக்கணும்.”

ஆக்ஸில் மணலைத் தொடாத குறையாக இருந்தது. ஜாக்கி நுழைய அங்கே பள்ளம் தோண்ட வேண்டும். தோண்டும்போது குழியின் ஓரம் சரிந்தால் வண்டி இன்னும் இறங்கும். வெளியிலிருந்தே, பக்கவாட்டில் குப்புறப் படுத்து, கையை மட்டும் நீட்டி, சாப்பாட்டு டப்பா மூடியால் மணலை வழித்து வழித்து எடுத்தாள். “அசையுதா?” என்பாள். “இல்ல” என்பார். மறுபடி வழிப்பாள். பள்ளம் ஆனதும் தட்டைக் கல்லைப் போட்டு ஜாக்கியை வைத்து அதன் லிவர் கம்பியை அழுத்தினாள். அழுத்த அழுத்தக் கல் ஒரு பக்கமாக மணலுக்குள் போனது. வண்டி எழும்பவில்லை.

“சத்தம் கேக்குது. கல்லு கீழ போகுது. நிறுத்து” என்றார்.

அவள் நிறுத்திவிட்டுத் தலையை மண்ணில் வைத்து அழுதாள். அவர் அழாதே என்று சொல்லவில்லை. “பின் சீட்டு பலகை” என்றார். ஜீப்பின் பின்பக்கம் பக்கவாட்டில் போட்ட சீட்டின் மெத்தைக்குக் கீழே மரப்பலகை. அதை எடுக்க வண்டிக்குள் ஏறவும் முடியாது. வெளியே நின்றே கையை விட்டு, லிவர் கம்பியால் நெம்பி, ஆணியோடு பெயர்த்தாள். பலகை உடைந்து இரண்டானது. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள். ஸ்டெப்னி சக்கரத்தை இழுத்து வந்து, வண்டியின் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டாள். ஜாக்கி மறுபடி சாய்ந்தாலும் வண்டி முழுதாகக் கீழே வராமல் அது தாங்கும். இதை அவர் சொல்லவில்லை. அவர் தொண்டையைச் செருமிச் சொல்வதை அவளே எத்தனை முறை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

அத்தானுக்கு அதற்குள் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. பிள்ளை வாசலில் நிற்குமே, வெயிலில் நிற்குமே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு குச்சி ஐஸை அவர் உதட்டில் வைத்தாள். “பேசிக்கிட்டே இருங்க. எத்தனை நாள் பேசாம இருந்தீங்க, இப்பப் பேசுங்க.”

“நீதான பேசல.”

“சரி, நான்தான். பேசுங்க.”

லிவரை அழுத்தினாள். பலகை முனகியது. இந்த முறை கீழே போகவில்லை. முழு உடம்பையும் போட்டு அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் வண்டி ஒரு நகக்கண் அளவு எழும்பியது. நிறுத்தி, பக்கத்துச் சக்கரத்துக் கற்களைப் பார்த்து, மறுபடி அழுத்தினாள். டயருக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

“கையை எடுங்க.”

“எடுத்துட்டேன்” என்றார் அவர்.

கை அங்கேயே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில் நிம்மதி வந்திருந்தது. எடுத்துவிட்டதாகவே நம்பினார். அக்கா லிவரை விட்டாள். சக்கரத்துக்கடியில் தன் கையை விடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவருடைய தோளையும் முழங்கையையும் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தாள். கை வந்தது. அது வந்த விதத்தை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

ஐஸ்காரர் டிராக்டரோடும் ஆட்களோடும் வந்து சேர்ந்தபோது அவள் ஜீப்பிலிருந்து தள்ளி, அவர் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா முழுவதையும் கையில் சுற்றி, மேலே ஐஸைக் கொட்டியிருந்தாள். அவரை டிராக்டரில் ஏற்றினார்கள். ஜீப் அப்படியே ஜாக்கி மேல் நின்றது.

மகள் அன்று விடுதி வாசலில் சாயங்காலம் வரை நின்றாள். இருவருக்கும் மாறி மாறிப் போன் போட்டாள். கடைசியில் எனக்குப் போட்டு, “சித்தி, மறுபடியும் யாரையாவது தூக்கிவிடப் போயிட்டாரா?” என்று கேட்டாள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. “அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

டாக்டர்கள் கையை வெட்டவில்லை. இரண்டு விரல்கள் போயின. மற்றவை இருக்கின்றன, இருந்து என்ன செய்ய. மடங்காது, பிடிக்காது, சூடு தெரியாது. கியர் போடும் கை அது. நானே என் கடையிலிருந்து மருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். நரம்புக்கு, வலிக்கு, தூக்கத்துக்கு. தூக்கத்துக்குக் கொடுத்தது மட்டும் வேலை செய்தது.

யாரால் நடந்தது என்று அவர்கள் வீட்டில் இன்னும் தகராறு. அடுத்தவர் மேல் பழி போடுகிற தகராறு இல்லை. “நான் குதிச்சதாலதான்” என்பாள் அக்கா. “நான் இறங்கச் சொல்லலையே” என்பார் அத்தான். “கட்டையை எடுத்து வச்சதும் நான்தான்.” “சுத்திப் போகலாம்னு உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும் நான்.” இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மகள் விடுமுறைக்கு வந்தால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

ஜீப்பை டவர் வேலைக்கு வந்த புது ஆள் எடுத்துக்கொண்டார். அக்கா தையல் கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் போகும் முன் அத்தானுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். அவர் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். பகலெல்லாம் தனியாகத்தான் இருக்கிறார். தண்ணீர் பாட்டிலின் மூடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திறக்கப் பழகிவிட்டார். அரிசி களைவது இன்னும் வரவில்லை. பாதி தொட்டிக்குள் போய்விடுகிறது. முதலில் சில மாதம் யாராவது சிக்கிக்கொண்டவர்கள் போன் செய்வார்கள். பக்கத்தில் எது இருக்கிறது, பலகை இருக்கிறதா, வண்டிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பார். எதிர்முனையில் அவசரம். “நீங்க வர முடியாதா?” என்பார்கள். முடியாது என்பார். வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள், வண்டி எழுந்ததா, யாருக்காவது ஏதாவது ஆனதா, யாரும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. அவரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார். அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். இப்போது அந்தப் போன்களும் வருவதில்லை.

சில மத்தியானங்களில் எனக்குப் போன் செய்கிறார். கடையில் கூட்டமாக இருக்கும். தோளில் போனை இடுக்கிக்கொண்டு மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருப்பேன்.

“என்ன அத்தான்?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மாத்தான். கூட்டமா?”

“கொஞ்சம்.”

“சரி, நீ பாரு.”

ஆனால் வைக்கமாட்டார். நானும் வைப்பதில்லை. வந்தவருக்கு மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன், அவர் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பார்.